மூடுலா, வாட்சப் குழுவா?

இணையவழிப் பாடம் நடத்த முனையும் ஆசிரியர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, 2002இல் வெளியான மூடுல் (Moodle) போன்ற, பாடத்தையும் ஒப்படைப்பையும் மதிப்பெண்ணையும் ஓரிடத்தில் கையாளும் கற்றல் மேலாண்மைத் தளமா, மாணவர் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் வாட்சப் குழுவா என்பதையே. குழுவைத் தொடங்கச் சில நிமிடங்கள் போதும். 1024 பேர் வரை சேரலாம். ஐயம் எழுந்த கணமே கேட்டுவிடலாம். ஆனால் அங்கே பாடம் அரட்டையோடு அரட்டையாக ஓடிப்போகிறது: திங்களன்று அனுப்பிய குறிப்பு வியாழனுக்குள் காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் புதைந்துவிடுவதோடு, ஒவ்வொருவரின் தொலைபேசி எண்ணும் மற்றவர் கண்ணில் படுகிறது; மாணவிகள் பலர் தயங்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

மூடுலில் பாடம் வாரவாரியாக அடுக்கி வைக்கப்பட்டு, தேடியவுடன் கிடைக்கிறது. ஒப்படைப்புக்குக் கெடு வைக்கலாம், கொள்குறி வினாக்களைத் தளமே திருத்தும்படி செய்யலாம், மதிப்பெண்ணை அந்தந்த மாணவருக்கு மட்டும் காட்டலாம். எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. எனினும் அதை நிறுவ ஒரு வழங்கியும் (சர்வர்), பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும் (இதை மறந்துவிட்டுத் தொடங்குவோர் உண்டு). விவாத அரங்கு அதிலும் இருக்கிறது, ஆனால் நாள்தோறும் உள்நுழைந்து பேசும் பழக்கம் மாணவரிடம் எளிதில் வருவதில்லை.

மதிப்பீடு உள்ள பாடத்துக்கு நான் மூடுலையே தேர்வேன். தேர்வில்லாத குறும்பயிற்சிக்கு வாட்சப் குழு தாராளமாகப் போதும்.