மலைக்கு எந்தக் கடிகாரம்?

எனக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள் உண்டு என்பார் என் மனைவி. ஆண்டுக்கு இரண்டு முறை மலைக்குப் போவது ஒன்று. போவதற்கு முன் ஏதாவது ஒரு மின்னணுப் பொருளை வாங்கிவிடுவது இன்னொன்று. பரணில் அடுக்கியிருக்கும் காலி அட்டைப்பெட்டிகள் அவர் பக்கம் சாட்சி சொல்லும். போன தடவை வாங்கியது கைக்கடிகாரம். வாங்குவதற்கு முன் மூன்று மாதம் மண்டையைக் குடைந்துகொண்டேன். வாங்கிய பிறகு 2024 செப்டம்பரில் இமாச்சலத்தில் மணாலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹம்ப்டா கணவாய்க்குக் கட்டிக்கொண்டு போனேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போட்டியில் இருந்தவை இரண்டு வகை. முதல் வகை, பளிச்சென்ற வண்ணத்திரை கொண்ட ஸ்மார்ட் வாட்ச். அன்றைய உச்சத்துக்கு ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 2 என்று வைத்துக்கொள்ளலாம்: டைட்டானியம் உடல், 49 மில்லிமீட்டர், இந்தியாவில் வந்தபோது 89,900 ரூபாய். இரண்டாவது வகை, வெயிலில் வெளிச்சம் தேவைப்படாத கறுப்பு வெள்ளைத் திரை கொண்ட ஜிபிஎஸ் கடிகாரம். நான் வாங்கிய கார்மின் இன்ஸ்டிங்க்ட் 2 சோலார் அந்த ஜாதி. விலையும் கணிசமாகக் குறைவு. திரையில் இருப்பவை 176-க்கு 176 புள்ளிகள். பார்ப்பதற்குத் தொண்ணூறுகளில் கல்லூரி மாணவர்கள் கட்டிக்கொண்டிருந்த டிஜிட்டல் கடிகாரம் போலவே இருக்கும். மணாலி போகும் பஸ்ஸில் அதைப் பார்த்த என் அக்கா மகன், "மாமா, இதில் கால்குலேட்டர் உண்டா?" என்று கேட்டான். அவன் கையில் இருந்தது முதல் வகை. எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை.

இரண்டுக்கும் பொதுவானவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஜிபிஎஸ் இரண்டிலும் நன்றாகவே வேலை செய்கிறது. காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவி இரண்டிலும் இருக்கிறது. உயரம் தெரிந்த இடத்தில் காலையில் ஒருமுறை திருத்திக்கொண்டால் போதும். இதயத் துடிப்பைக் காட்டுகின்றன. ரத்த ஆக்ஸிஜனை அளக்கவும் இத்தகைய கடிகாரங்கள் முயல்கின்றன, ஆனால் குளிரில் விறைத்த மணிக்கட்டில் வரும் எண்ணை நம்பி மேலே ஏறுவதா இறங்குவதா என்று முடிவெடுக்கக் கூடாது. எங்கள் வழிகாட்டி காலையும் மாலையும் விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைத்தான் கொண்டுவந்தார். கணவாயின் உயரம் ஏறத்தாழ 4,270 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். அந்த இடத்தில் கடிகாரத்தின் பேச்சைவிடத் தலைவலியின் பேச்சைக் கேட்பது மேல்.

வண்ணத்திரைக் கடிகாரம் வெல்லும் இடங்களையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வரைபடம் முதல் இடம். அதில் ஓடை, முகடு, பாதை எல்லாம் வண்ணத்தில் தெரியும். என்னுடையதில் வரைபடமே கிடையாது. வந்த வழி ஒரு கோடாகத் தெரியும், திரும்பிப் போகச் சொன்னால் அதே கோட்டில் அழைத்துப் போகும், அவ்வளவுதான். இருட்டில் எண்களைப் படிப்பதிலும் அது பல மடங்கு மேல். அல்ட்ராவில் அபாய ஒலி எழுப்பும் சைரனும் இருக்கிறது. ஊருக்குள் அழைப்பை எடுக்க, பணம் செலுத்த, பாட்டு கேட்க என்று பார்த்தால் போட்டியே இல்லை. வருடத்தில் 350 நாள் ஊரிலும் 15 நாள் மலையிலும் இருப்பவர் முதல் வகையைத் தேர்ந்தெடுத்தால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

அப்படியிருந்தும் நான் மறுபக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம், சார்ஜ்.

"பவர் பேங்க் இருக்கும்போது சார்ஜ் ஒரு பிரச்சினையா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்கு சரியாகவே வரும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. விமானத்தில் 100 வாட்-மணி வரை தனி அனுமதியின்றிக் கைப்பையில் கொண்டு போகலாம், ஆகவே அங்கேயும் சிக்கல் இல்லை. ஐந்து வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். கைக்கு வருவது பன்னிரண்டாயிரம் எம்ஏஎச்சைச் சுற்றி. ஒரு கைபேசியை இரண்டு முறைக்கு மேல் நிரப்பலாம், கடிகாரத்தைப் பல முறை நிரப்பலாம். காகிதத்தில் எல்லாம் சுபம்.

மலையில் இந்தக் கணக்கைக் கெடுப்பது குளிர். லித்தியம் செல் குளிர்ந்தால் அதன் உள்தடை கூடிவிடுகிறது. மின்சாரம் உள்ளே இருக்கும், ஆனால் கேட்ட வேகத்தில் வெளியே வராது. 25 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கைபேசி திடீரென்று அணைந்துபோவது இதனால்தான். அதைவிடப் பெரிய சிக்கல் சார்ஜ் ஏற்றுவதில். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல்லின் எதிர்மின்முனையின் மேல் உலோகமாகப் படிந்து செல்லை நிரந்தரமாகக் கெடுக்கும். அதனால் பல சாதனங்கள் அந்தக் குளிரில் சார்ஜை ஏற்க மறுத்துவிடுகின்றன.

கைக்கடிகாரத்தின் விஷயத்தில் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கூடாரத்தில் மிகக் கதகதப்பான இடம் நம் உடம்பு. கடிகாரம் மணிக்கட்டில் இருக்கும் வரை அதன் பேட்டரிக்குக் குளிரே தெரியாது. சார்ஜ் போட வேண்டுமென்றால் அதைக் கழற்றியாக வேண்டும். பகலில் கழற்றினால் நடையின் பதிவு அறுந்துபோகும், ஆகவே இரவில் கழற்றுவோம். இரவில்தான் குளிர் உச்சம். ஆக, இருப்பதிலேயே சூடான இடத்திலிருந்து எடுத்து, இருப்பதிலேயே குளிரான நேரத்தில், சார்ஜ் ஏற்றக் கூடாத வெப்பநிலையில் சார்ஜ் போடுகிறோம்.

ஷியா கோரு முகாமில் இதை நேரில் பார்த்தேன். கணவாயைத் தாண்டி ஒன்பது மணி நேரம் நடந்து வந்திருந்த நாள். அக்கா மகன் ஸ்லீப்பிங் பேக்குக்குள் பவர் பேங்க், கைபேசி, கேமரா பேட்டரி இரண்டு, தலைவிளக்கு, கடிகாரம் என்று குடும்பத்தோடு படுத்திருந்தான். எதையும் குளிரில் விடக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கடிகாரத்தின் சார்ஜர் காசு அளவில் ஒரு வட்டம். காந்தத்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளும். மேசைமேல் வைத்தால் அருமையான ஏற்பாடு. ஸ்லீப்பிங் பேக்குக்குள் புரண்டு படுக்கும் இருபத்திரண்டு வயதுப் பையனோடு அது என்ன செய்யும்? காந்தம் விலகிவிடக் கூடாது என்று கம்பளிக் காலுறைக்குள் கடிகாரத்தையும் சார்ஜரையும் சேர்த்துத் திணித்து முடிச்சுப் போட்டான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து காலுறையை அவிழ்த்தபோது சார்ஜர் ஒரு மூலையிலும் கடிகாரம் இன்னொரு மூலையிலும் கிடந்தன. திரையில் 11 சதவீதம். நடை முடியும் இடமான சத்ருவுக்கு இறங்கிய பாதை அவன் கடிகாரத்தில் பதிவாகவில்லை. "மாமா, உங்கள் பதிவை எனக்கு அனுப்பிவிடுங்கள்" என்றான். கால்குலேட்டர் பற்றி நானும் ஞாபகப்படுத்தவில்லை.

என் எண்களையும் சொல்கிறேன். ஜோப்ராவில் தொடங்கும்போது 100 சதவீதம். நான்கு நாளில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஜிபிஎஸ் பதிவு. சத்ருவில் இறங்கியபோது 29 சதவீதம் மிச்சம். சார்ஜர் கேபிளை மணாலி விடுதியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். கேபிளின் எடை ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு மாலையும் எதை முதலில் சார்ஜ் போடுவது என்ற வரிசைக் கணக்கில் ஒரு பொருள் குறைந்தது. களைத்த உடம்பும் மரத்த விரலுமாக இருக்கும்போது அது சின்ன விஷயமில்லை.

இந்த வெற்றியைச் சூரியன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சோலார் என்ற சொல்லுக்கு மயங்கித்தான் நானும் கூடுதல் பணம் கொடுத்தேன். வெறும் கடிகாரமாகப் பயன்படுத்தினால் 28 நாள், ஜிபிஎஸ் ஓடினால் 30 மணி நேரம் என்கிறது நிறுவனம். சோலார் இல்லாத இன்ஸ்டிங்க்ட் 2-க்கும் இதே எண்கள்தான். அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால், 20 மணி நேரப் பதிவும் இடைப்பட்ட நாள்களும் சேர்ந்து எனக்கு 22 சதவீதம் அளவில் மிச்சம் வைத்திருக்க வேண்டும். 29 நின்றது. அப்படியானால் வெயில் கொடுத்தது ஏழு சதவீதத்தைச் சுற்றி. அதிலும் பெரும்பகுதி கடைசி நாள் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் லாஹௌலின் மொட்டை மலைகளின் வெயிலில் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இந்தப் பக்கம், குலுவில் ஏறிய இரண்டு நாளும் மேகம், மழைச் சட்டையின் கை கடிகாரத்தை மூடியிருந்தது. சோலார் முழுப்பலன் தர ஒரு நாளுக்கு மூன்று மணி நேரம் 50,000 லக்ஸ், அதாவது சுள்ளென்ற வெயிலின் வெளிச்சம் வேண்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளுக்குள் நடப்பவர்கள் அந்த வெளிச்சத்துக்கு எங்கே போவார்கள்? உண்மையான சிக்கனம் திரையில் இருக்கிறது. அது தானாக ஒளிர்வதில்லை, விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியே எண்களைக் காட்டுகிறது. நம் ஊர்க் காடுகளுக்கு மட்டும் போகிறவர் சோலார் இல்லாத மாடலை வாங்கி மிச்சப் பணத்தில் நல்ல மழைச் சட்டை வாங்கலாம்.

சார்ஜுக்கு இன்னொரு முகமும் உண்டு, அது இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். 1,000 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. அல்ட்ரா 2 ஒரு சார்ஜில் நிற்கும் 36 மணி நேரத்தில் 80 சதவீதம் என்றால் 29 மணி நேரம். தினமும் ஒரு சுற்று ஓடினால் மூன்று ஆண்டுகளுக்குள் அந்த நிலை வந்துவிடும். சிக்கன முறையில் 72 மணி நேரம் வரை இழுக்கலாம்தான், ஆனால் வாங்கிய வசதிகளில் சிலவற்றை அணைத்துவிட்டே அந்த 72. மறுபக்கம், 28 நாளில் 80 சதவீதம் என்றால் 22 நாள். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? மூன்று வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் ஆண்டுக்குப் பதினெட்டு சுற்றுகூடத் தாண்டாது. சுற்றுக்கணக்கால் மட்டும் பேட்டரி மூப்படைவதில்லை, சும்மா இருந்தாலும் வயதாகும். என் கடிகாரம் ஐந்தாவது ஆண்டில் எப்படி இருக்கும் என்று இப்போதே சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தேய்மானம் எந்தப் பக்கம் முதலில் வலிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முன்பு வைத்திருந்த வண்ணத்திரைக் கடிகாரத்தை விற்கப் போனபோது வந்த நான்கு பேரும் கேட்ட முதல் கேள்வி, "சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கிறது?" மூன்றாவது ஆளுக்கே பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. கடைசியில் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

கடிகாரமே எதற்கு, கைபேசி போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. போதும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு, விமானப் பயன்முறையில் போட்டு, சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் நான்கு நாள் நடைக்குத் தாராளமாகப் போதும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் போகிறவர்களுக்கு வழிகாட்டி உடன் வருகிறார். அங்கே கடிகாரம் என்பது வெறும் ஆசைதான். என் ஆசையை நான் மறைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகளை வெளிநாட்டுக் காணொளிகளில் மலையேறிகள் கொண்டாடுவார்கள். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அப்படி ஒன்றைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளை விமான நிலையத்திலேயே தடுத்து வைத்த சம்பவங்கள் உண்டு. துபாயில் மலிவாகக் கிடைக்கிறது என்று உறவினரிடம் வாங்கிவரச் சொல்லாதீர்கள்.

2025 ஜனவரியில் இன்ஸ்டிங்க்ட் 3 வந்தது. அதில் வண்ணத்திரை மாடலும் உண்டு, அதன் பெரிய சைஸில் சார்ஜ் 24 நாள் வரை நிற்கும் என்கிறார்கள். அது உண்மையானால் நான் மேலே போட்ட கோடு பாதி அழிந்துவிடும். கையில் கட்டி ஒரு கணவாயாவது தாண்டாமல் அதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. வாங்கிப் பார்க்கலாமா என்று மெதுவாகப் பேச்சை எடுத்தேன். என் மனைவி பரணைப் பார்த்தார்.