700 கிராம் தென்னை நார் வலை: ஜரியா சரிவில் மூன்று மழைக்காலம்

எனக்குப் பொள்ளாச்சி பக்கம். கயிறு திரிக்கும் சத்தத்திலேயே வளர்ந்தவன். ஆனாலும் தேங்காய் நாரின் அருமை எனக்குப் புரிந்தது ஜார்க்கண்டில்தான். ஜரியாவில் மூடிய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் செடி வளர்ப்பு வேலைக்கு மேற்பார்வையாளனாகப் போயிருந்தேன்.

நிலக்கரியை எடுப்பதற்காகத் தோண்டிக் கொட்டிய மேட்டை அங்கே ஓபி என்பார்கள். எல்லாம் உடைந்த மணற்கல்லும் களிப்பாறையும். மண் என்று சொல்லக் கொஞ்சம்தான் இருக்கும். லாரி கொட்டியபடியே விட்டால் ஏறக்குறைய 37 டிகிரி சரிவில் நிற்கும். முதல் வருடம் வெறும் சரிவில் விதை தூவினோம். ஜூன் கடைசியில் பெய்த ஒரே மழையில் அவ்வளவும் அடிவாரத்து வாய்க்காலுக்குப் போய்விட்டது.

அடுத்த மே மாதம், மண்ணும் விதையும் அரித்துப் போகாமல் பிடித்துக்கொள்ளத் தென்னை நார்க் கயிற்றால் பின்னிய இந்த வலையைப் போட்டோம். சதுர மீட்டருக்கு 700 கிராம். கொஞ்சம் இடத்தில் சணல் வலையும் போட்டுப் பார்த்தோம். பக்கத்து வங்காளத்திலிருந்து வருவது, விலையும் குறைவு. அடுத்த மழைக்குள் அது இற்றுப்போனது. தேங்காய் நாரில் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) அதிகம் என்பதால் மெதுவாகத்தான் மக்கும். மூன்றாம் வருடம் கையால் இழுத்தால் பிய்ந்தது, ஆனால் அதற்குள் முயல் மசால் என்ற தீவனச் செடியும் தீனாநாத் புல்லும் வேர்விட்டுச் சரிவைப் பிடித்துவிட்டன.

விரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேட்டின் தலையில் ஓரடிப் பள்ளம் எடுத்து, வலையின் முனையை அதில் புதைத்து, மேலிருந்து கீழே உருட்டிவிட வேண்டும். வலை தரையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். ஓரிடத்தில் துருத்திய கற்களை அப்புறப்படுத்தாமல் அவசரமாக விரித்தோம். வலை கூடாரம்போல் தூக்கி நின்றது, தண்ணீர் அடியில் ஓடி முழங்கால் ஆழத்துக்கு அரித்துவிட்டது. அது என் தவறு, வலையின் தவறு இல்லை.

வாங்கும்போது எடை போட்டு வாங்குங்கள். 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளச் சுருள் 70 கிலோ இருக்க வேண்டும். ஒரு வியாபாரி எங்களுக்கு அனுப்பிய சுருள்கள் 58 கிலோதான் இருந்தன. கண் பெரிதாக இருந்த அந்த வலையைச் செங்குத்தான இடத்தில் போடவே மனம் வரவில்லை, திருப்பி அனுப்பினோம். இன்னொன்று, ஜரியாவில் நிலத்தடித் தீ 1916 முதல் தெரிந்த விஷயம். தரை வெடிப்பில் புகை வரும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த வலை கூடவே கூடாது. காய்ந்த நார் பற்றிக்கொண்டால் புல்லும் சேர்ந்து போகும்.

மூன்றாம் வருடம் அக்டோபரில் நாங்கள் விதைக்காத நாணல் வலைக்கண் வழியாக எழும்பி வெள்ளையாகப் பூத்திருந்தது. அங்கே அதைக் காஷ் என்கிறார்கள். அந்த வருடம் அடிவாரத்து வாய்க்காலைத் தூர்வார வேண்டியிருக்கவில்லை.