மெய் விசையா, போலி விசையா?

பஸ் இடதுபக்கம் வேகமாக வளையும்போது நம்மை வலதுபக்கம் தள்ளுவது யார் என்று கேட்டுப் பாருங்கள், கைகாட்ட ஆளே கிடையாது. மெய் விசை என்றால் அதைத் தரும் பொருள் ஒன்று இருக்கும், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எதிர்விசையும் இருக்கும்: ஜன்னல் கம்பி உங்கள் தோளை உள்பக்கமாக அழுத்துகிறது, தோள் கம்பியை வெளிப்பக்கமாக அழுத்துகிறது. வளைவில் நம்மை வெளியே தள்ளுவதாகத் தோன்றும் மையவிலக்கு விசைக்கு அந்த ஜோடி இல்லை, அதனால்தான் அது போலி விசை. ரோட்டோரம் நிற்பவருக்கு நீங்கள் நேராகப் போகப் பார்க்கிறீர்கள், பஸ்தான் திரும்புகிறது, அவ்வளவுதான்.

அதற்காகப் போலி விசையை ஒதுக்கிவிடக் கூடாது. சுழலும் பூமியில் இருந்துகொண்டு புயலின் போக்கைக் கணக்கிட கொரியோலிஸ் விசை வேண்டும்: சுழலும் இடத்தில் நகரும் பொருளைப் பக்கவாட்டில் திருப்புவதாகத் தோன்றும் போலி விசை அது. 1851-இல் பாரிஸின் பாந்தியன் கட்டடத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். அது ஆடும் தளம் மணிக்குச் சுமார் 11 டிகிரி திரும்பியது. பூமி அசையவில்லை என்று வைத்துக்கொண்டு, ஈர்ப்பையும் கம்பியின் இழுவிசையையும் மட்டும் நம்பினால் இந்தத் திருப்பத்தை விளக்கவே முடியாது.

அப்புறம் இன்னொரு அடையாளம், எனக்கு மிகவும் பிடித்தது: போலி விசை எப்போதும் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சரி, ஈர்ப்பும் அப்படித்தானே? ஐன்ஸ்டைன் பிடித்துக்கொண்டது இதைத்தான். 1915-இல் வந்த பொதுச் சார்பியலில் ஈர்ப்பு ஒரு விசையே இல்லை, காலமும் வெளியும் சேர்ந்த காலவெளியின் வளைவு.