டஃபரின் முதல் சாணக்யா வரை: ஒரு கப்பல் அதிகாரிப் பயிற்சி நிலையம் பற்றி

பிளஸ் டூ முடித்த அக்கா மகன் கப்பலுக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்க, நவி மும்பை நெருலில் உள்ள சாணக்யா பயிற்சி நிலையத்தைப் பற்றி விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விசாரிக்கப் போய் அதன் வரலாற்றில் மூழ்கிவிட்டதால், இந்த மதிப்புரையில் அதற்கே இடம் அதிகம்.

இந்தியர்களுக்கென வணிகக் கப்பல் துறை வளர வேண்டும் என்று 1922-இல் மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் சர் பி. எஸ். சிவசாமி ஐயர். அதையொட்டி அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, துருப்புகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த டஃபரின் என்ற கப்பல் 1927-இல் பம்பாய்த் துறைமுகத்தில் மசகானுக்கு அருகே நங்கூரமிட்டுப் பயிற்சிக் கப்பலாயிற்று. லஸ்கர்கள் எனப்பட்ட சாதாரணக் கப்பல் ஊழியர்களாக டெக்கிலும் கொதிகலன் அறையிலும் தலைமுறைகளாக உழைத்த இந்தியர்களுக்கு, கப்பலை நடத்தும் அதிகாரிப் பதவி அதுவரை எட்டாக்கனியாகவே இருந்தது. முதல் அணியில் பயின்றவர்களில் ஒருவர் செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி. 1958-இல் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர்தான்.

டஃபரினுக்குப் பதிலாக 1972-இல் ராஜேந்திரா என்ற பயிற்சிக் கப்பல் வந்தது. 1993-இல் பயிற்சி கரையேறி, சாணக்யா என்ற பெயரில் நெருல் வளாகத்தில் நிலைகொண்டது. 2008 முதல் அது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. கப்பலை விட்டு இறங்கியதால் பயிற்சி நீர்த்துவிட்டது என்று பழைய மாணவர்கள் சிலர் குறைப்படுவது புரிகிறது. ஆனால் டஃபரினும் நங்கூரத்திலேயே நின்ற கப்பல்தானே! வகுப்பறையும் ஆய்வகமும் விரிந்து, மூன்றாண்டு நாட்டிகல் சயின்ஸ் (கப்பல் செலுத்தும் கல்வி) பட்டமும் கிடைப்பதை நான் லாபமாகவே பார்க்கிறேன்.

சேர விரும்புவோர் ஒன்றை மறக்கக் கூடாது. பட்டம் மட்டும் யாரையும் அதிகாரியாக்காது. அதன்பின் கேடட்டாக, அதாவது பயிற்சி நிலை ஊழியராக, கடலில் பணியாற்றி, செகண்ட் மேட் என்னும் அதிகாரித் தகுதித் தேர்வில் தேற வேண்டும். எனவே, பயிற்சிக்குப் பிறகு கப்பலில் இடம் தரும் நிறுவனம் எது என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் பெறுவது நல்லது.

அதற்கும் முந்தியது கண். இரவில் எதிர்வரும் கப்பலின் சிவப்பு, பச்சை விளக்குகளை வைத்தே அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணிக்க வேண்டியிருப்பதால், நிறக்குருடு உள்ளவர்களுக்கு கப்பலைச் செலுத்தும் டெக் பிரிவில் இடமில்லை. அக்கா மகனை முதலில் கண் மருத்துவரிடம்தான் அழைத்துப் போனேன். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளில், முதலாவதில் உள்ள 12-ஐ நிறக்குருடு உள்ளவரும் படித்துவிடுவார். அவன் மற்ற அட்டைகளையும் தடுமாறாமல் படித்து முடித்த பிறகே நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம்.