பட்டர்லியா, வென்டியா?

கேட்ட கணத்திலேயே புரிந்து உதட்டில் சிரிப்பை வரவழைப்பது வணிக நிறுவனங்கள் உருவாக்கும் புதுச்சொற்களில் ஒரு வகை. வாடிக்கையாளர் பாடம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொரு வகை.

முதல் வகைக்கு அமுல் வெண்ணெய். 1966இல் தொடங்கிய விளம்பர வரிசையின் 'அட்டர்லி பட்டர்லி டெலிஷியஸ்' இன்றும் பலருக்கு மனப்பாடம். 'பட்டர்' என்ற பெயர்ச்சொல்லின் வாலில் 'லி'யை ஒட்டுவதை ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். காதுக்கோ ஒரு குறையும் இல்லை. தமிழில் எழுதிப் பாருங்கள்: அட்டர்லி, பட்டர்லி. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்த அசல் எதுகை! சொல்லுக்குள்ளேயே பொருளும் உட்கார்ந்திருக்கிறது, விளக்கவுரை தேவையில்லை.

இரண்டாம் வகைக்கு ஸ்டார்பக்ஸ் காபிக் கடையின் கோப்பை அளவுகள். 'டால்' என்றால் உயரம்; அங்கே அது 12 அவுன்ஸ் சிறிய கோப்பை. 'கிராண்டே' இத்தாலியத்தில் பெரியது. அங்கே 16 அவுன்ஸ், நடுத்தரம். 'வென்டி' என்றால் அதே மொழியில் இருபது. சூடான பானத்துக்குக் கணக்குச் சரி. குளிர்பானத்துக்கு அதே வென்டி 24 அவுன்ஸ். பழகியவருக்கு இது குழூஉக்குறி, ஒரு பெருமிதம். புதியவருக்குக் கவுன்டர் முன் தயக்கம்.

அதே கடையின் 'ஃப்ராப்புச்சினோ' வேறு கதை. ஃப்ராப்பே என்ற குளிர்பானமும் கப்புச்சினோ காபியும் ஒட்டிப் பிறந்த அதில் பெற்றோர் முகம் தெரிகிறது. வணிகச் சின்னமாகவும் பதிவாகியிருக்கிறது.

புதிதாகக் கடை திறப்பவர் கேட்டால், என் வாக்கு பட்டர்லிக்கே. வென்டிக்கு முதலில் வரிசையில் நிற்கக் கூட்டம் வேண்டும்.