முழு வேதமா, மூன்று வசனமா?

ஆத்துமாவைப் பேண வேதத்தை எப்படி வாசிப்பது? ஒரு வழி, வருடத்துக்குள் முழு வேதாகமத்தையும் முடிப்பது. மொத்தம் 1189 அதிகாரம். தினம் மூன்று நான்கு வாசித்தால் போதும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842-இல் தன் சபையாருக்குப் போட்டுக்கொடுத்த அட்டவணையில் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை வந்துவிடும். பிடித்த பகுதியையே சுற்றிக்கொண்டிருக்க இது விடாது. ஆனால் ஜனவரி உற்சாகம், பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் படுத்துவிடும். அப்புறம் விட்ட நாட்களைப் பிடிக்கக் கண் மட்டும்தான் ஓடும்.

இன்னொன்று, துறவு மடங்களில் வளர்ந்த நிதான வாசிப்பு. 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியர் என்ற துறவு சபையைச் சேர்ந்த இரண்டாம் கிகோ இதை நான்கு படிகளாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், தேவ சமுகத்தில் அமர்ந்திருத்தல். 23-ஆம் சங்கீதத்தை எடுங்கள். "அவர் என் ஆத்துமாவைத் தேற்றி" என்று வாய்விட்டு வாசித்து அங்கேயே நின்றுவிடலாம். இன்று எதில் எனக்குத் தேறுதல் வேண்டும்? வீட்டுக் கடனிலா, பேசாமலிருக்கும் அண்ணன் விஷயத்திலா? அந்தக் கேள்வியே ஜெபமாகிவிடும். பிறகு சும்மா இருப்பது. இதுதான் கஷ்டம், கை போனைத் தேடும். இந்த நிதான வாசிப்பையே நம்பியிருந்தால் ஆமோஸ் தீர்க்கதரிசியின் கண்டிப்பு காதில் விழாமலே போகும்.

துக்கத்திலோ களைப்பிலோ இருப்பவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். விசுவாசத்துக்குப் புதியவரா? சரி, அதிகாரம் அதிகாரமாக வாசிக்கட்டும். ஆனால் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கட்டும், வருடக் கணக்கு வேண்டாம்.