சூம் இலவசக் கணக்கு: பிந்தி வருகிறவர்களைத் தாங்காத 40 நிமிடம்

கொழும்பில் பல்கலைக்கழகக் குழு வேலைக்கும், உயர்தர மாணவர்கள் சேர்ந்து படிப்பதற்கும் பலர் பிடிப்பது சூமின் இலவசக் கணக்கைத்தான். 100 பேர் வரை சேரலாம், ஸ்கிரீன் ஷேரும் நன்றாக வேலை செய்யும். ஆனால் பிந்தி வரும் குழுவுக்கு இது சரிவராது. 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். இரவு 8 மணிக் கூட்டத்துக்கு இருவர் 8.10க்கு வந்தால் கால்வாசி நேரம் போய்விட்டது. அவர்களுக்குத் திரும்பச் சொல்ல ஐந்து நிமிடம் போனால், மிஞ்சுவது 25.

ஆளைக் கோபிக்க முன்னர் செட்டிங்கைப் பாருங்கள். வெயிட்டிங் ரூம் போட்டிருந்தால் ஹோஸ்ட் உள்ளே எடுக்கும்வரை எல்லோரும் வெளியே நிற்கவேண்டும். அவர் ஸ்கிரீன் ஷேரில் மூழ்கியிருந்தால் வெளியே ஆள் நிற்பது கண்ணில் படாது. நேரத்துக்கு வந்தவரும் பிந்தினவர் ஆகிவிடுகிறார். இலவசக் கணக்கில் கோ-ஹோஸ்ட் வைக்கவும் வழியில்லை. வெயிட்டிங் ரூமை நிறுத்தி, பாஸ்கோடை மட்டும் வையுங்கள். இரண்டில் ஒன்றைச் சூம் கட்டாயம் கேட்கும். ஹோஸ்ட் வர முன்னர் மற்றவர்கள் சேரவும் அனுமதி கொடுங்கள்.

போனில் சேர்பவர்களிடம் வேறொரு தொல்லை. பெயர் திரையில் இருக்கும், பக்கத்தில் மைக் அடையாளம் இருக்காது. ஓடியோவை இணைக்கும் பட்டனை அவர் அழுத்தவில்லை. "கேக்குதா? கேக்குதா?" என்றே இரண்டு நிமிடம் கரையும். ஓடியோ தானாக இணையும்படி செட்டிங்கில் ஒருமுறை மாற்றினால் போதும். மிகப் பழைய வெர்ஷன் என்றால் அப்டேட் பண்ணாமல் உள்ளே விடாது. அதைப் பகலிலேயே பார்த்து வைக்கவேண்டும்.

பிந்தி வந்தவருக்கு, அதற்கு முன் சாட்டில் போட்டது பெரும்பாலும் தெரியாது. லிங்க், யாருக்கு எந்தப் பகுதி என்ற பட்டியல் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பிலும் இருக்கட்டும்.

பின்னேரம் 6 மணிக்கு மட்டும் வைக்காதீர்கள். பாதிப் பேர் காலி வீதியில் 100, 101 பஸ்ஸுக்குள் நிற்பார்கள். கேட்கலாம், பேச ஏலாது. ஒரு மணி நேரம் தேவை என்றால் கூகுள் மீட்டுக்கு மாறுங்கள், இலவசமாகவே 60 நிமிடம் தருகிறது.

லண்டனில் இருந்து யாராவது சேரும் வாராந்தக் கூட்டம் என்றால் இலங்கை நேரத்திலேயே ஷெடியூல் பண்ணுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே மணியை மாற்றுவார்கள். ஐந்தரை மணி வித்தியாசம் நாலரையாகும். லண்டன் நேரத்தில் போட்டிருந்தால் 8 மணிக் கூட்டம் இங்கே 7 மணிக்கே தொடங்கிவிடும், வழமைபோல 8 மணிக்கு வருகிறவர்கள் முழுதாக ஒரு மணி நேரம் பிந்தியிருப்பார்கள்.